மாவட்டம் என்னும் அளவுகோல்: பல்கலைக்கழக அனுமதி விவாதமும் சாகாமத்துப் பிள்ளையும்

இலங்கையின் கல்வி வரலாற்றில், சென்ற அரை நூற்றாண்டுக் காலத்தில் மிகுதியாக எழுதப்பட்டதும் மிகுதியாகக் கொதித்துப் பேசப்பட்டதும் பல்கலைக்கழக அனுமதி பற்றிய விவாதமேயாகும். தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு, இசட் புள்ளி என அவ்வக்காலத்தில் அது வெவ்வேறு பெயர்களைத் தாங்கி வந்துள்ளது. பெயர்கள் மாறினும் விவாதத்தின் உள்ளீடு மாறவில்லை. ஒரு சாரார் திறமையின் பெயரால் பேசினர்; மற்றொரு சாரார் சமத்துவத்தின் பெயரால் பேசினர். இரு சாராரும் தத்தம் தரப்பை நிலைநாட்டுவதற்குப் புள்ளிவிபரங்களை அடுக்கினர். ஆயினும், அப்புள்ளிவிபரங்கள் எந்த அலகைக் கொண்டு அளக்கப்பட்டன, அவ்வலகு தகுந்ததுதானா என்னும் வினா அவர்களிடையே வலுப்பெறவில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தையும், குறிப்பாகத் திருக்கோவிலுக்கு மேற்கே குளமும் வயலும் காடும் சூழ அமைந்த சாகாமம் போன்ற உட்பகுதி ஊர்களையும் மனத்திற்கொண்டு நோக்கும்போது, அவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல முடியாதென்பது புலனாகும்.

விவாதத்தின் பின்னணி

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையிலான விசேட கல்விக் குழு 1943 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வி ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக மேல் வகுப்புகளுக்குப் பரவி, 1960 அளவில் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தையும் எட்டியது. ஆங்கிலம் அறிந்த சிறு கூட்டத்தினருக்கு மாத்திரம் திறந்திருந்த கதவை நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் தட்டத் தொடங்கினர். ஆனால், கதவு அகன்ற அளவுக்கு உள்ளே இருந்த ஆசனங்கள் பெருகவில்லை. மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளில் இடங்கள் மிகச் சிலவாகவே இருந்தன. பட்டம் பெற்றும் தொழில் கிட்டாத இளைஞரின் மனக்கசப்பு 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின்னணிகளுள் ஒன்றாக அமைந்தது.

இச்சூழலிலேயே மொழிவாரித் தரப்படுத்தல் தோன்றியது. வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா இப்பொருள் பற்றிச் செய்த ஆய்வு அக்காலத்து அனுமதிப் புள்ளிகளைத் தொகுத்துத் தந்துள்ளது. 1970-71 அனுமதியின்போது மருத்துவத் துறைக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளிகளும் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு இவ்வெல்லைகள் முறையே 227, 250 ஆக இருந்தன. ஒரே மண்டபத்தில் ஒரே மொழியில் விரிவுரை கேட்கவிருந்த இருவரை, அவர்கள் பரீட்சை எழுதிய மொழியை வைத்து வேறுபடுத்திய இம்முறை, தமிழ் இளைஞரின் நம்பிக்கையை முறித்ததென்பது மறுக்க முடியாத வரலாற்றுண்மை. பின்னர் எழுந்த அரசியற் கொந்தளிப்புகளுக்கு இதுவும் ஒரு வித்தாயிற்று.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு இதனோடு சேர்ந்தது. மாவட்டத்தின் சனத்தொகைக்கேற்ப இடங்களைப் பகிர்வது அதன் அடிப்படை. அது சில ஆண்டுகளில் தளர்த்தப்பட்டு, 1979 அளவில் 30 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என உருப்பெற்றது. பின்னர் இவ்விகிதங்கள் மாறி, 40, 55, 5 என்ற அமைப்பு நிலைபெற்றது. 2001 தொடக்கம் வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடுவதற்கு இசட் புள்ளி முறை கையாளப்படலாயிற்று. பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி தோற்றியோரை ஒன்றாகக் கணித்ததால் 2011 ஆம் ஆண்டுப் பெறுபேறுகள் பற்றி எழுந்த வழக்கு, 2012 இல் உயர்நீதிமன்றம் வரை சென்றது. கணிதச் சூத்திரமும் முழு நடுநிலை வாய்ந்ததன்று என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

திறமையும் சமத்துவமும்

திறமை வாதிகளின் கூற்று எளிமையானது. பரீட்சையில் கூடிய புள்ளி பெற்றவரே கூடிய தகுதியுடையவர். அவரை விலக்கிக் குறைந்த புள்ளி பெற்றவரைச் சேர்ப்பது அநீதி என்பர். இவ்வாதம் இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. பிரித்தானியச் சமூகவியலாளரான மைக்கேல் யங், 1958 இல் வெளிவந்த தமது நூலில், திறமையொன்றே ஆளும் ஒரு கற்பனைச் சமுதாயத்தை அங்கதமாகத் தீட்டினார். தோற்றவன் தன் தோல்விக்குத் தானே காரணம் என நம்பவைக்கப்படும் சமுதாயம் அது. அவர் எச்சரிக்கையாகப் படைத்த சொல்லைப் பிற்காலத்தோர் புகழ்ச்சொல்லாக மாற்றிக்கொண்டமை சிந்தனைக்குரியது.

பரீட்சைப் புள்ளி எதனை அளக்கிறது என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 1966 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை, பிள்ளையின் பெறுபேற்றைப் பாடசாலையின் வளங்களைக் காட்டிலும் குடும்பப் பின்னணியே கூடுதலாக நிர்ணயிக்கின்றது எனக் கண்டது. பியர் பூர்தியு, பசெரோன் ஆகியோர் 1970 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், மேற்றட்டு வீட்டிலே பிள்ளை பெறும் மொழியையும் பழக்கத்தையும் பாடசாலை 'இயற்கைத் திறமை'யாக ஏற்று மதிப்பளிப்பதன் மூலம் சமுதாய ஏற்றத்தாழ்வை மறுபடி உற்பத்தி செய்கின்றது என வாதிட்டது. இவை வளர்ந்த நாடுகளின் அனுபவங்கள். வறிய நாடுகளின் நிலை வேறு என்பதை ஹெய்ன்மன், லொக்ஸ்லி ஆகியோர் 29 நாடுகளை ஒப்பிட்டு 1983 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக் காட்டியது. நாடு எவ்வளவுக்கு வறியதோ அவ்வளவுக்குப் பாடசாலையின் தரமும் ஆசிரியரின் தரமும் பிள்ளையின் பெறுபேற்றைக் கூடுதலாகப் பாதிக்கின்றன என்பது அவர்களது முடிபு. 2002 இல் பேக்கரும் அவர் சகபாடிகளும் இதனை மீள ஆராய்ந்து, அவ்விளைவு பெரும்பாலும் மறைந்துவிட்டதெனக் கூறினர். அடிப்படை வசதிகள் பரவலாகிய நாடுகளில் அது தேய்வது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயின், ஒரு நாட்டின் சராசரி உயர்ந்துவிட்டதனால் அந்நாட்டின் ஒவ்வொரு மூலையும் உயர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இரசாயனம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் ஓர் ஆசிரியரின் வருகை எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை விளக்க நீண்ட ஆய்வு வேண்டியதில்லை.

இதனால், திறமை வாதிகளின் கூற்று அதன் அடித்தளத்திலேயே தளர்ந்துவிடுகின்றது. எனினும், எதிர்த்தரப்பினரின் கூற்றும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதன்று. சமத்துவம் வேண்டும் என்பவர் யாருக்கும் யாருக்கும் இடையிலான சமத்துவம் என்பதை முதலிற் கூறவேண்டும். மொழிவாரித் தரப்படுத்தல், 'தமிழ்மொழிமூல மாணவர்' என ஓர் ஒற்றை வகுப்பு உண்டெனக் கொண்டது. யாழ்ப்பாணத்தின் நூறாண்டு மிஷனரிக் கல்லூரியிற் படித்தவனும் பொத்துவிலிலோ மன்னாரிலோ படித்தவனும் அதன் கணக்கில் ஒருவரே. இவ்வகையில், கிழக்கின் முஸ்லிம் மாணவரும் வன்னித் தமிழ் மாணவரும் பெறாத வசதிக்காகவும் தண்டிக்கப்பட்டனர். அடுத்து வந்த மாவட்ட ஒதுக்கீடு இப்பிழையை ஓரளவு திருத்தியது. அம்பாறை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா முதலிய மாவட்டங்களின் பிள்ளைகள், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், முன்னெப்போதும் எட்டாத பீடங்களை எட்டினர். ஒரு கொள்கையின் இரு கூறுகள் ஒரே சமூகத்தை ஒருபுறம் தாழ்த்தி மறுபுறம் உயர்த்தின. வடக்கிலிருந்து எழுதியோர் முதற்கூற்றையும் அரசுத் தரப்பினர் இரண்டாங்கூற்றையும் மாத்திரமே பெரிதுபடுத்தினர். கிழக்குக் கரையோரத்தின் அனுபவம் இரண்டினுள்ளும் முழுமையாக அடங்கவில்லை.

அம்பாறைக் கரையோரம்

அம்பாறை மாவட்டம் 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் அதன் மேற்குப் பகுதியின் அமைப்பை மாற்றியிருந்தன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதன் சனத்தொகை ஏறத்தாழ 6,49,000. இவர்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதத்தினர். சிங்களவர் 39 வீதத்தினர். தமிழர் 17 வீதத்தினர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, மகாஓயா, தெஹியத்தகண்டி என ஏழு கல்வி வலயங்களை அது கொண்டுள்ளது. பெயரளவில் ஒன்றாயினும் உண்மையில் இது பல மாவட்டங்களின் தொகுதி.

கரையோரத்துக் கல்வியெழுச்சியின் வரலாறு பெருமைக்குரியது. 1892 இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியதோடு, கிழக்கின் கிராமப் பாடசாலைகளைக் கட்டியெழுப்பவும் உழைத்தார். 1942 இல் உலக யுத்தத்தின் உணவு நெருக்கடியை எதிர்கொள்ள அரசாங்க அதிகாரியாகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வயல் விரிந்த அப்பிரதேசத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வறுமையால் படிப்பை விடும் நிலையைக் கண்டார். 1945 இல் அவர் முன்னின்று நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியின் தோற்றத்தில் அவ்வனுபவத்துக்குப் பங்குண்டு. 1949 இல் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. முஸ்லிம் பெண்களின் உயர்கல்விக்குக் கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி வழிவகுத்தது. எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் ஒலுவிலில் 1995 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1996 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2004 ஆம் ஆண்டுச் சுனாமியில் இம்மாவட்டத்தில் மாத்திரம் 10,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; கரையோரப் பாடசாலைகள் பல சிதைந்தன. அவ்வழிவின் பின்பும் வகுப்புகள் மீண்டும் தொடங்கியமை இச்சமூகங்கள் கல்வியின்மீது வைத்துள்ள பற்றுக்குச் சான்று.

ஆனால், இவ்வெழுச்சி கடற்கரை நெடுஞ்சாலையை ஒட்டியே நடைபெற்றதென்பதும் மனங்கொள்ளத்தக்கது. சந்தை, காரியாலயம், வைத்தியசாலை, பேருந்து, தனியார் வகுப்பு ஆகிய யாவும் மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள பட்டினங்களிலே குவிந்தன. மேற்கே வட்டைகளில் விளைந்த நெல்லின் பயன் இப்பட்டினங்களுக்கு வந்தது. போடியாரின் பிள்ளை பட்டினத்தில் படித்தான். முல்லைக்காரனின் பிள்ளை வாடியிலிருந்து வயலைக் காத்தான். பழைய நிலவுடைமை உறவுகள் தளர்ந்துவிட்ட போதிலும், அவை வரைந்த எல்லைக்கோடு பாடசாலை வரைபடத்தில் இன்னும் அழியவில்லை.

சாகாமத்துப் பிள்ளை

சாகாமத்தில் அல்லது அதனையொத்த ஓர் உட்பகுதி ஊரில் பிறந்த பிள்ளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோமாக. அனுமதி விவாதத்தின் அளவுகோல்கள் அப்பிள்ளையை எவ்வாறு அளக்கின்றன என்பதை நோக்குதல் பயனுடையது.

இலங்கைப் பாடசாலைகள் நான்கு வகையின. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை 1ஏபி வகையைச் சேர்ந்தவை. கலை, வர்த்தகப் பிரிவுகளை மாத்திரம் கொண்டவை 1சி. பதினோராந் தரத்துடன் முடிபவை வகை 2. ஆரம்பப் பாடசாலைகள் வகை 3. நாட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் பத்தில் ஒரு பங்கு அளவினவே விஞ்ஞான உயர்தர வகுப்பைக் கொண்டவை. அவை பெரும்பாலும் நகரங்களிலும் நகரை அண்டிய ஊர்களிலும் உள்ளன. ஆகவே, உட்பகுதிப் பிள்ளையின் மருத்துவ, பொறியியற் கனவு பல்கலைக்கழக வாசலிலே மறுக்கப்படுவதில்லை. பதினோராந் தரத்தின் முடிவில், விஞ்ஞான வகுப்புள்ள தொலைதூரப் பாடசாலைக்கு நாள்தோறும் சென்றுவரும் செலவைக் குடும்பம் கணக்கிடும் அன்றே அது முடிந்துவிடுகின்றது. மாவட்ட ஒதுக்கீடு அப்பிள்ளைக்குக் கொடுப்பதாகச் சொல்லும் சலுகை, அப்பிள்ளை எழுதாத பரீட்சைக்கான சலுகையாகும்.

அத்தடையையும் தாண்டிச் சென்றதாக வைத்துக்கொள்வோம். அப்போது அப்பிள்ளை போட்டியிடுவது கொழும்புப் பிள்ளையுடன் அன்று. கல்முனையிலும் அம்பாறை நகரிலும் சிறந்த ஆசிரியரிடம் படித்து, மாலையிலும் வார இறுதியிலும் தனியார் வகுப்புக்குச் சென்று வந்த பிள்ளையுடன் அதே மாவட்டப் பட்டியலிற் போட்டியிட வேண்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 5 வீதமும் அதே பட்டியலின் அடுத்த வரிசையினருக்கே செல்கின்றது. மாவட்டம் பின்தங்கியது என்ற சான்றிதழை ஈட்டிக் கொடுப்பது உட்பகுதியின் வறுமை. அதன் பயனைப் பெறுவது பட்டினத்தின் வசதி. ஒதுக்கீட்டின் உள்முரண் இதுவே.

இதனை ஒரு சமூகம் மற்றொரு சமூகத்துக்குச் செய்யும் தீங்காகக் காண்பது தவறாகும். இம்மாவட்டத்தில் அனுமதிப் பெறுபேறுகள் வெளிவந்ததும் முஸ்லிம்கள் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர், சிங்களவர் எத்தனை பேர் என எண்ணும் பழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணிக்கை ஒவ்வொரு சமூகத்தின் உள்ளேயும் இருக்கும் பிளவை மறைக்கின்றது. பொத்துவிற் பக்கத்து முஸ்லிம் கூலி விவசாயியின் பிள்ளையும், மகாஓயாப் பகுதிச் சிங்களச் சேனைப் பயிர்ச்செய்கையாளனின் பிள்ளையும், சாகாமத்துத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாசலில், ஒரே காரணத்தால், நிறுத்தப்படுகின்றனர். அவர்கள் மூவரும் ஒரே நிரையில் நிற்கின்றனர் என்பதை மூன்று சமூகங்களின் பிரதிநிதிகளும் சொல்வதில்லை.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் இங்கு நோக்கற்பாலது. கன்னங்கரா காலத்தில் வறிய கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுசெல்லும் ஏணியாக அது எண்ணப்பட்டது. தனிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு அது ஏணியாகவே விளங்கியது. ஆனால், ஊர்ப் பாடசாலையின் நோக்கில் அது ஆண்டுதோறும் விளைச்சலின் முதற்கதிரைக் கொய்து செல்லும் அரிவாளாகும். சிறந்த பிள்ளைகள் போனபின் எஞ்சியோரின் பெறுபேறு தாழ்கின்றது; பெறுபேறு தாழ்ந்த பாடசாலைக்கு ஆசிரியர் விரும்பி வருவதில்லை; வந்தவரும் இடமாற்றம் வேண்டி விண்ணப்பிக்கின்றனர். பின்னர், அப்பாடசாலையின் மாணவர் தொகை போதாதென்று காட்டி உயர்தர வகுப்பு மறுக்கப்படுகின்றது. விளைவே காரணமாகும் இச்சுழற்சியைப் பல்கலைக்கழக வாசலில் வைத்து உடைக்க முடியாது.

மறுப்புகளும் மாற்றும்

மாவட்டத்துக்குப் பதிலாகக் கல்வி வலயத்தை அல்லது பாடசாலையின் வகையை அலகாகக் கொள்ளலாமே என்னும் யோசனைக்கு மூன்று மறுப்புகள் கூறப்படலாம்.

அலகு சிறிதாகும்போது மருத்துவம் போன்ற துறைகளில் ஒரு வலயத்துக்கு ஓரிடங்கூடக் கிட்டாது என்பது முதலாவது. இது உண்மை. ஆயினும், ஒத்த நிலையிலுள்ள வலயங்களை மாவட்ட எல்லை கடந்து ஒரு தொகுதியாக்குவதற்குத் தடையேதுமில்லை. திருக்கோவிலும் மகாஓயாவும் கல்முனையோடு சேர்வதைவிடத் தம்முள் சேர்வதற்கே கூடிய நியாயம் உண்டு.

வசதியுள்ளோர் சலுகைக்காகப் பின்தங்கிய இடத்துப் பாடசாலையில் பெயரைப் பதிந்துகொள்வர் என்பது இரண்டாவது. இக்குறைபாடு மாவட்ட முறையிலும் உள்ளது. பரீட்சைக்கு முந்திய 3 ஆண்டுப் பாடசாலைக் கல்வி அங்கு அளவாகக் கொள்ளப்படுகின்றது. சிற்றலகில் இக்காலத்தை நீட்டுவதே பொருத்தமாகும். ஆறாந் தரம் முதல் அங்கேயே படித்த பிள்ளையின் உரிமையை ஒருவர் கடைசி நேரத்தில் களவாடுவது எளிதன்று.

தரம் குறைந்துவிடும் என்பது மூன்றாவது. இதுவே பெரிதாகப் பேசப்படுவது. பரீட்சைப் புள்ளி முழுத் திறமையின் அளவன்று என்பது மேலே காட்டப்பட்டது. மேலும், ரொனால்ட் டோர் 1976 இல் வெளியிட்ட நூலிலே இங்கிலாந்து, யப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டு, பிந்தி அபிவிருத்தியடையும் நாடுகளில் சான்றிதழுக்கான ஓட்டம் கூடுதலாக முறுகி, கல்வி முழுவதும் பரீட்சைக்கான பயிற்சியாகச் சுருங்குவதை விளக்கினார். கல்வியைச் சுருக்கிய பரீட்சையையே கல்வித் தரத்தின் காவலனாகக் காட்டுவது பொருந்தாது.

எனினும், அலகை மாற்றுவது மாத்திரம் தீர்வாகாது. ஒதுக்கீடு எவ்வளவு நுட்பமாயினும், இருக்கும் ஆசனங்களை மாற்றிப் பகிர்வதே அதன் எல்லை. பகிர்வுக்கு முன்னரே வெளியேறியவரை அது உள்ளே கொண்டுவராது. ஒவ்வொரு பின்தங்கிய வலயத்திலும் பிள்ளை நடந்தோ பேருந்திலோ சென்றுவரக்கூடிய தூரத்தில் விஞ்ஞான உயர்தர வகுப்பு. அவ்வகுப்புக்குப் பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணிதம் ஆகியவற்றுக்கு நிலையான ஆசிரியர். அவ்வாசிரியர் அங்கேயே தங்கக்கூடிய விடுதியும் பதவியுயர்வில் முன்னுரிமையும் ஆகியவற்றை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அட்டாளைச்சேனையின் ஆசிரியர் பயிற்சி நிலையமும் ஒலுவிற் பல்கலைக்கழகமும் இப்பணியைத் தம் அருகிலுள்ள கிராமங்களிலிருந்தே தொடங்கலாம். மாவட்டத்துள் ஒரு பல்கலைக்கழகம் இருப்பதனால் மாத்திரம் மாவட்டத்து உட்பகுதிகள் பல்கலைக்கழகத்தை நெருங்கிவிடா.

திறமை வாதியும் சமத்துவ வாதியும் ஐம்பதாண்டுகளாக ஒரே மேசையின் இரு பக்கங்களில் இருந்து வாதிட்டு வந்துள்ளனர். அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோர் யாவரும் உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்தவர்கள் என்பதே இவ்விவாதத்தின் அடிப்படைக் குறைபாடு. வெட்டுப்புள்ளி அரைப் புள்ளி கூடினால் மறுநாட் பத்திரிகையில் செய்தி வரும், வழக்கு நடக்கும். ஓர் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு தொடங்கப்படாமலே ஓராண்டு கழிந்தால் செய்தியுமில்லை, வழக்குமில்லை. புள்ளிகளைப் பற்றி மாத்திரம் அன்றி, புள்ளி பெறும் வாய்ப்பையே பெறாதவரைப் பற்றியும் கல்வி ஆய்வு பேசத் தொடங்கும்போதுதான் இலவசக் கல்வியின் வாக்குறுதி சாகாமம் வரை சென்றடையும்.